கட்டை விரலைக் கேட்காதீர்கள்

நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்றைக்குப் பேச்சே கட்டை விரலைப் பற்றித்தான்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே தீர்மானம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேரனுடைய பேஸ் கிட்டாரை விற்றுவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். நாளெல்லாம் "டொக்கு டொக்கு" என்று கம்பியைக் கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறான். பாட்டு வாசித்தாலாவது கேட்கலாம், அதுவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கிறாராம். "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேட்டுக்குவானுங்க" என்று ஆறு பேர் தனித்தனியாக எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள்.

எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அவன் கேட்பான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்ல மாட்டேன்.

துரோணர் கதை எல்லோருக்கும் தெரியும். ஏகலைவன் கேட்டதெல்லாம் கற்றுக்கொள்ள ஓர் இடம். துரோணர் பாடம் நடத்தவில்லை. தானாகக் கற்றுக்கொண்டு வந்து நின்ற பையனிடம் தட்சணை என்று கட்டை விரலைக் கேட்டார். வாத்தியார் தொழிலுக்கே அந்த ஒரு கேள்வி இன்றுவரை களங்கம். முப்பத்து நான்கு வருடம் சுண்ணாம்புக்கட்டி பிடித்தவன் நான். என் பேரனுக்குப் பேஸ் கிட்டாரில் ஒரு ஸ்வரம்கூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனாகப் பார்த்து, கேட்டு, கை நோகக் கற்றுக்கொண்டான். இப்போது நான் போய் "தாத்தா கேட்கிறேன், அதை நிறுத்திவிடு" என்றால் அதற்குப் பெயர் என்ன? அந்த வேலையை என்னிடம் ஒப்படைக்காதீர்கள்.

முதலில் அவன் என்ன செய்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு திட்டலாம். திட்டுவதற்கும் பாடத்திட்டம் உண்டு.

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு கம்பி. அசையும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். அடுத்தது 55, அதற்கடுத்தது 73, கடைசி 98. ஒவ்வொரு கம்பியும் இருபது கிலோவுக்குப் பக்கமான இழுவிசையில் நிற்கிறது. அந்தத் தடித்த கம்பியின் 41 அதிர்வைத் தரும் சக்தி உங்கள் கைபேசியின் ஒலிபெருக்கிக்கு இல்லை. அவன் அனுப்பிய பதிவைக் கைபேசியில் கேட்டுவிட்டு "ஒண்ணுமே கேக்கல, வெறும் தட்டற சத்தம்தான்" என்று எழுதினீர்களே, குறை வாசித்தவனிடம் இல்லை. கையகலப் பெட்டியில் யானையை ஏற்றப் பார்த்தீர்கள், ஏறவில்லை.

இனி கட்டை விரல். விரலின் பக்கவாட்டு எலும்பால், கிட்டார்க் கழுத்து முடியும் இடத்தில் கம்பியை அடிக்க வேண்டும். கம்பி போய் உலோக ஃப்ரெட்டில் மோதித் திரும்பும். அதனால் கனத்த நாதத்தோடு ஒரு வெண்கலத் தெறிப்பும் சேர்ந்து வரும். இதற்கு ஸ்லாப் என்று பெயர். விசை கையிலிருந்து வரக்கூடாது. பூட்டில் சாவி திருப்புவதுபோல மணிக்கட்டு சுழல வேண்டும். இது ஆரம்பப் பாடம்.

அவன் இப்போது பழகுவது அதற்கு மேல் வகுப்பு. டபுள் தம்ப் என்கிறார்கள். சாதாரண ஸ்லாப்பில் விரல் அடித்துவிட்டு மேலே துள்ளிவிடும். இதில் விரல் கம்பியைக் கடந்து போய் அடுத்த கம்பியின்மேல் உட்கார வேண்டும். திரும்பி வரும்போது அதே கம்பியை நகத்தோரத்தால் கீழிருந்து மேலாக இன்னொரு முறை எழுப்ப வேண்டும். போகும்போது ஒரு ஸ்வரம், வரும்போது ஒரு ஸ்வரம்.

நம் பக்கத்துக் கைத்தறியில் நாடா எப்படி ஓடுகிறது? வலமிருந்து இடம் போகும்போது ஓர் இழை. இடமிருந்து வலம் வரும்போது ஓர் இழை. வெறுமனே திரும்பி வரும் நாடாவை எந்த நெசவாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார், பாதி உழைப்பு வீண். கட்டை விரலுக்கும் அதே கணக்குத்தான். நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நிமிடத்துக்கு 480, நொடிக்கு 8. ஒரு பக்கம் மட்டும் அடிக்கிற விரல் நொடிக்கு எட்டு முறை இறங்கி எட்டு முறை ஏற வேண்டும். இரு பக்கமும் அடிக்கிற விரலுக்கு நான்கு முறை இறங்கி நான்கு முறை ஏறினால் போதும். கை பாதிதான் களைக்கும். என்னிடம் அலைவு இயக்கம் படித்த மூன்று பேருக்கும் இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள். கீழே போகும் அடியும் மேலே வரும் அடியும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். பக்கத்துக் கம்பி முனகக்கூடாது. அதற்கு இடது கை ஓயாமல் மற்றக் கம்பிகளைத் தொட்டு அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மிக மெல்லிய கம்பிக்கு வந்தால் விரல் போய் உட்கார அடுத்த கம்பியே கிடையாது. அங்கே விரல் அந்தரத்தில் தானாக நிற்கப் பழக வேண்டும். அவன் ஒரே கம்பியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். "ஒரே சத்தத்தையே போட்டுக்கிட்டிருக்கான்" என்றால், ஆமாம், ஒரே சத்தமாக வர வேண்டும் என்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கட்டை விரல் வந்த கதையையும் சொல்கிறேன். ஆடம்பரத்தில் பிறந்ததல்ல, இல்லாமையில் பிறந்தது. அமெரிக்காவில் லாரி கிரகாம் என்று ஓர் இளைஞர். அவருடைய அம்மா பாடுவார், பியானோ வாசிப்பார். அம்மாவும் பிள்ளையும் விடுதிகளில் கச்சேரி செய்து பிழைத்தார்கள். ஒரு கட்டத்தில் குழுவில் டிரம்ஸ்காரர் இல்லை. டிரம்ஸ் இல்லாமல் தாளம் எப்படி நிற்கும்? பையன் பெரிய டிரம்முக்குப் பதில் கட்டை விரலால் கம்பியை அடித்தார். சின்ன டிரம்முக்குப் பதில் இன்னொரு விரலால் கம்பியைச் சுண்டினார். இரண்டு ஆள் வேலையை ஒரு கை செய்தது. பிறகு அவர் ஸ்லை அண்டு தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் சேர்ந்தார். 1969 இறுதியில் வந்த அவர்களுடைய ஒரு பாட்டு 1970 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் பிறகு உலகத்துப் பேஸ்காரர்கள் எல்லோரும் தங்கள் கட்டை விரலைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக் கஷ்டத்துக்காக அம்மாவுக்குக் கை கொடுத்த பிள்ளை கண்டுபிடித்த வித்தை இது. "உருப்படாத பசங்க வேலை" என்று குழுவில் எழுதியவர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

போய் வரும் கட்டை விரலை உலகம் முழுக்கப் பரப்பியவர் விக்டர் ஊட்டன். ஐந்து சகோதரர்களில் கடைக்குட்டி. மூத்த அண்ணன் ரெஜி தம்பிக்கு வாத்தியார். நடக்கப் பழகிய வயதிலேயே கருவியைக் கையில் கொடுத்து, வீட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். 1996-ல் 'எ ஷோ ஆஃப் ஹாண்ட்ஸ்' என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பெரும்பாலும் ஒரே பேஸ் கிட்டார்தான், பக்கவாத்தியக் கூட்டமெல்லாம் இல்லை. அந்த வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார், இந்த வீட்டில் ஆறு பெரியவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் கருவியைக் கையில் கொடுத்தார், நாம் ஓஎல்எக்ஸில் விலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்முளுக்கு எதுக்குங்" என்று ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் ஒரு திருத்தம்: லாரி கிரகாமும் விக்டர் ஊட்டனும் வெள்ளைக்காரர்கள் அல்ல, கறுப்பினத்தவர்கள். அடுத்து, நம் கல்யாண வீடுகளில் கேட்கும் வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது. இருநூறு வருடம் ஆகிவிட்டதால் அது நம்முடையதாகிவிட்டது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் நம்முடையதாக்கினார், மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ், சாக்சபோனை கத்ரி கோபால்நாத். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்து முப்பது வருடம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. அதற்காக நம் நாடக மேடையும் பஜனை மடமும் ஆர்மோனியத்தைக் கைவிட்டனவா? கருவிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கும் பழக்கத்தை விடுங்கள்.

மும்பையில் மோகினி டே என்று ஒரு பெண். 1996-ல் பிறந்தவர். அப்பாவும் பேஸ் வாசிப்பவர், அவரே முதல் ஆசிரியர். ஏ.ஆர். ரகுமானோடும் ஜாகிர் உசேனோடும் மேடையேறியவர். கட்டை விரல் வேகத்துக்கு இன்று உலகில் சில பெயர்களைச் சொன்னால் அதில் இவர் பெயர் வரும். நம் கொன்னக்கோல் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே அதே கணக்கைக் கம்பியில் எடுப்பார். அப்போது அது யார் நாட்டுச் சமாச்சாரம்? தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் பூவரசங்குச்சி. அந்தக் கையின் தெறிப்பைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஸ்லாப் அந்நியமாகப் படுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பேஸ் கிட்டார் நம் ஊருக்குப் புதிது என்கிறவர்கள் கொஞ்சம் பவானிசாகர் பக்கம் பாருங்கள். காட்டுக்குள்ளே மாயாற்றைத் தாண்டிப் போனால் தெங்குமரஹாடா. 1976-ல் வந்த அன்னக்கிளி படம் எடுக்கப்பட்ட கிராமம். இளையராஜாவின் முதல் படம். அந்த மனிதர் மேற்கத்திய கிட்டார் தேர்வு எழுதித் தேறியவர். பேஸ்காரர் என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பவர். அதற்குப் பிறகு வந்த படங்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டே கூட வந்தது. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலாப் பாட்டை நல்ல பெட்டியில் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்டுப் பாருங்கள். நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டுக்குள்ளே இன்னொரு பாட்டு இருப்பது தெரியும்.

அதை வாசித்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவுக்கு வெகுகாலம் வாசித்தவர் சசிதரன். ரகுமானுக்கு வெகுகாலம் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். நடிகர் பெயரும் பாடகர் பெயரும் ஒப்பிப்போம். நம் காதுக்கு அடித்தளம் போட்டவர்களின் பெயரை யாரும் கேட்டதில்லை. பேஸ் வாசிப்பவன் பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி. அவன் இல்லாவிட்டால்தான் இலையில் ஒன்றும் இல்லை என்பது தெரியும். அப்படி ஓர் இடத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த பையனை விளம்பரப் பைத்தியம் என்கிறீர்கள். விளம்பரம் வேண்டுமென்றால் பாட வந்திருப்பானே?

இனி கடைசியாக, கனமான ஆட்சேபம். படிப்பு.

மறைக்க ஒன்றும் இல்லை. போன பருவத்தில் கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. இதை என் மகளும் மாப்பிள்ளையும் கவலையோடு சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் மதிப்பெண் குறைந்ததற்குப் பேஸ் கிட்டார்தான் காரணம் என்பதற்கு யார் சோதனை செய்தீர்கள்? நான் செய்தேன். இரண்டு வாரம் அவன் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னேன். நேர்மையாகக் குறித்தான். பேஸ் நாளொன்றுக்குச் சராசரி ஐம்பது நிமிடம். கைபேசி இரண்டு மணி நாற்பது நிமிடம். கட்டை விரலால் கம்பியைத் தட்டிய நேரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கட்டை விரலால் திரையைத் தள்ளியிருக்கிறான். நீங்கள் விற்கச் சொல்வது எதை? ஐம்பது நிமிடத்தை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விவாதத்தை நீங்கள் எல்லோரும் எதனால் நடத்தினீர்கள்? கட்டை விரலால்தான். குழுவில் ஒருவர் கட்டை விரல் அடியில் வலி என்று மருத்துவரைப் பார்த்து வந்து கையில் பட்டை போட்டுக்கொண்டு, அதே கையால் "பையன் கை கெட்டுப்போகும், நிறுத்தச் சொல்லுங்கள்" என்று தட்டுகிறார். கை கெட்டுப்போகலாம் என்பது உண்மையே. மணிக்கட்டை இறுக்கி, வேகத்துக்கு ஆசைப்பட்டு, வலியோடு வாசித்தால் தசைநார் வீங்கும். ஆகவே வலித்தால் அன்றைக்கு நிறுத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கையை உதறி ஓய்வு கொடு, தோள்பட்டை வாரை உயரமாகக் கட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கைபேசியைத் தள்ளும் பெரியவர்களுக்கு இதை யார் சொல்வது?

"சோறு போடுமா?" இதுவும் வந்தது. எனக்குத் தெரியாத கேள்வியா? முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். என்னிடம் படித்ததில் இயற்பியலால் சோறு சாப்பிடுகிறவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் மளிகை, மஞ்சள் மண்டி, பனியன் கம்பெனி, வங்கி, காவல்துறை, விவசாயம். அவர்களுக்கு ஊசல் சோதனை நடத்தியது வீண் என்று எந்தப் பெற்றோரும் வந்து என்னைக் கேட்டதில்லை. அளந்து பார்க்கவும், தப்பு எங்கே என்று தேடவும், திரும்பச் செய்யவும் அந்தச் சோதனை பழக்கியது. இவன் மெட்ரோனோமை 60-ல் வைத்து, நூறு அடியில் எத்தனை மங்கலாக விழுந்தது என்று எண்ணி எழுதி வைக்கிறான். ஏழு, பிறகு ஐந்து, பிறகு மூன்று. மூன்றுக்குக் கீழே போனால்தான் 64. இதைவிடச் சுத்தமான செய்முறைக் குறிப்பேட்டை நான் பள்ளியில் அதிகம் திருத்தியதில்லை. இவன் பேஸ் வாசித்துச் சம்பாதிப்பான் என்று நான் சொல்லவே இல்லை. பெரும்பாலும் சம்பாதிக்க மாட்டான். அதற்காக, அவன் தானாக ஒழுங்குபடுத்திக்கொண்ட ஒரே ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டு, நாம் ஒழுங்குபடுத்திய பதினைந்து மணி நேரத்தில் அவன் தேறுவான் என்று நம்புவது எந்தக் கணக்கு?

நம் சத்தியமங்கலத்துப் பூ மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லியும் முல்லையும் கட்டுகிற அம்மாக்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? காம்புகளைக் கட்டை விரல் அழுத்திப் பிடிக்க, நார் சுற்றி முடிச்சு விழுகிறது. கண் வேறெங்கோ, வாய் பக்கத்துப் பெண்ணோடு பேச்சில், விரல் மட்டும் தப்பாது. பொழுதெல்லாம் ஒரே முடிச்சுத்தான். அதைப் பார்த்து "ஒரே முடிச்சையே போட்டுக்கிட்டிருக்கீங்களே" என்று யாராவது கேட்டோமா? அதில் காசு வருகிறது, அதனால் அது வேலை. காசு வராதவரை பயிற்சிக்கு நாம் வைத்த பெயர் சத்தம்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் சிலர் இருப்பீர்கள். கைநாட்டு வைத்த பெரியவர்கள் முதல் முறை கையெழுத்துப் போட்டபோது எத்தனை தாள் கிழிந்தது! ஒரே எழுத்தை நூறு முறை எழுதினார்கள். மை தடவி உருட்டுவதற்கு மட்டும் கட்டை விரல் என்று இருந்த நிலையை மாற்றத்தான் ஊர் ஊராகப் போனோம். அப்போது நூறு முறை எழுதியதை முயற்சி என்றோம்.

இதுவரை பெரியவர்களுக்கு. இளைய மாணவர்கள் கைதட்ட வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது.

என் பேரன் உட்பட உங்களில் பலருக்கு வேகப் பைத்தியம். முப்பது நொடி ரீல்ஸில் ஒருவன் கட்டை விரலைக் காற்றாடிபோலச் சுழற்றுகிறான். அன்று மாலையே அதே வேகத்தில் நீங்களும் இறங்குகிறீர்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே வண்டி பழகுகிறவன் முதல் நாளே நான்காவது கியரில் ஏறுவானா? ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முன்பக்கம் எங்கே, பின்சக்கரம் எங்கே என்று கைக்குத் தெரிய வேண்டும். வேகமாகச் செய்த தப்பையும் கை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். மெதுவாக வாசிக்க முடியாததை வேகமாக வாசிக்கிறேன் என்கிறவன் வாசிக்கவில்லை, மறைக்கிறான்.

இன்னொன்று. கட்டை விரல் கற்றுக்கொண்டாய் என்பதற்காக எல்லாப் பாட்டிலும் அதைப் போடாதே. கல்யாணப் பந்தியில் எல்லாப் பலகாரத்திலும் மிளகுப் பொடி தூவியதுபோல் ஆகிவிடும். பாட்டு கேட்டால் மட்டும் போடு. நான்கு வரிக்கு ஒரே ஒரு ஸ்வரம் போதும் என்றால் அந்த ஒன்றை நேரத்துக்குப் போடு. விக்டர் ஊட்டனும் மோகினி டேயும் வேகத்துக்காக மட்டும் அழைக்கப்படுகிறவர்கள் அல்ல. மற்றவர்களைத் தாங்கி வாசிக்கத் தெரியும் என்பதால் அழைக்கப்படுகிறவர்கள். அது தெரியாத வேகத்தைத் திருவிழா ராட்டினத்தில்கூடப் பார்க்கலாம், காசு கொடுத்து இறங்கிவிடலாம்.

சரி, முடிவுக்கு வருகிறேன். பேசிவிட்டுப் போகிறவன் அல்ல நான். ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். பேரன் ஒப்புக்கொண்டு என் முன்னால் கையெழுத்தும் போட்டான்.

பேஸ் தினமும் நாற்பத்தைந்து நிமிடம், மாலை ஆறிலிருந்து ஆறே முக்கால். இரவு எட்டு மணிக்கு மேல் காதுக்கருவி போட்டால்கூட வேண்டாம், கம்பி தட்டும் சத்தம் சுவரைத் தாண்டும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கைபேசி நாளொன்றுக்கு நாற்பது நிமிடம், மீதி நேரம் அது என் மேசை டிராயரில். மீதமாகும் இரண்டு மணி நேரம் கணக்குக்கு. வாரத்தில் மூன்று நாள் நானே உட்கார்ந்து பார்க்கிறேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் எழுபதைத் தொடாவிட்டால் தேர்வு முடியும்வரை பேஸ் வாரம் மூன்று நாளாகக் குறையும். விற்பது என்ற பேச்சு எந்த நிலையிலும் இல்லை.

ஏன் இல்லை என்றால், சட்டப்படியும் அந்தக் கருவி உங்களுடையதல்ல. கோவையில் பழையதாகப் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியது. எட்டாயிரம் அவன் நோம்பிக்கு நோம்பி சேர்த்த பணம். நான்காயிரம் என் ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்குக்காரன் சொல்கிறேன், கோபிக்காரரை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வந்தால் காபி கொடுத்து அனுப்புவேன்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறதுங்க மாப்பிள்ளை. நீங்கள் அவனுக்குக் கெட்டது நினைக்கவில்லை. இந்த ஒரு வருடம் பொறுங்கள். அவன் கையிலிருந்து பிடுங்கிய பொருளைப் பிறகு எத்தனை விலை கொடுத்து வாங்கித் தந்தாலும் அவன் தொட மாட்டான்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் எத்தனை வீட்டில் அட்டாலியில் ஒரு வீணை, ஒரு மிருதங்கம், ஒரு கீபோர்டு உறையோடு தூங்குகிறது? முக்கால்வாசி அந்த வீட்டுப் பெண்களுடையது. கல்யாணத்துக்குப் பிறகு மேலே ஏறியது, இறங்கவே இல்லை. இந்த வாரம் ஒரு நாள் ஏணி போட்டு அதைக் கீழே இறக்குங்கள். தூசி தட்டுங்கள். கம்பி அறுந்திருந்தால் புதுக்கம்பி வாங்கிப் போடுங்கள். யாருடையதோ அவர் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் சமையலறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒரே ஸ்வரத்தை நாற்பது முறை வாசித்தாலும் என்ன பாட்டு என்று கேட்காதீர்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம். நேரில் திட்ட நினைப்பவர்கள் மாலை ஆறே முக்காலுக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் வந்தால் திண்ணையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டியிருக்கும், உள்ளே பையன் வாசித்துக்கொண்டிருப்பான்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
சத்தியமங்கலம்.